காட்டின் புருவத்தில் ஒரு மீசை

அண்ணாச்சிக்கு 68 வயதில் தேன்சிட்டு ஊமையாகிவிட்டது. முதலில் அவர் நம்பவில்லை. வீட்டு முருங்கையில் சிட்டு உட்கார்ந்திருக்கிறது, அலகு திறந்து மூடுகிறது, தொண்டை துடிக்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை. "தம்பி, இது கத்துதா, கொட்டாவி விடுதா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு நன்றாகவே கேட்டது. சொல்லத்தான் மனமில்லை.

காது மருத்துவர் ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்தார். கோடு இடது பக்கத்தில் ஒழுங்காகப் போய், வலது பக்கத்தில் கிணற்றில் விழுந்ததுபோல் இறங்கியது. வயதானால் முதலில் போவது மேல் ஸ்தாயிதான், கீழ் ஸ்தாயி கடைசிவரை இருக்கும் என்றாராம். வங்கியில் 35 ஆண்டு வேலை பார்த்தவர் அண்ணாச்சி. இருப்பில் என்ன மிச்சம் என்று பார்ப்பது அவருக்குப் பழக்கம். வீட்டுக்கு வந்து யோசித்துவிட்டு எனக்குப் போன் போட்டார்.

"குருவியெல்லாம் போச்சுடே. செம்போத்து இருக்கு, புறா இருக்கு, ஆந்தை இருக்கு. இனி நமக்கு ஆந்தைதான்."

அடுத்த வாக்கியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. "பெருவுக்குப் போவமா?"

எந்த ஆந்தைக்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. 2007-இல் அந்தச் செய்தியின் அச்சுப்பிரதியை எடுத்து பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியவர் அவர். பீரோவை மாற்றியபோது அந்தத் தாளையும் பிரித்து எடுத்துப் புதிய பீரோவில் ஒட்டினார். தாளில் இருந்த பறவை ஒரு மனிதக் கைக்குள் அடங்கியிருந்தது. முகத்தின் இரண்டு பக்கமும் கம்பி மத்தாப்பு சிதறுவதைப் போல மயிர்க்கற்றைகள் நீட்டிக்கொண்டிருந்தன. கண் இரண்டும் தேன் நிறம். அதற்கு மேலே கோபக்காரத் தாத்தாவின் வெள்ளைப் புருவம்.

வைப்புநிதி ஒன்றை முதிர்வதற்கு முன்பே உடைத்தார். அவர் செய்த ஒரே நிதி ஒழுங்கீனம் அதுதான் என்று அவர் மனைவி இன்றும் சொல்வார். நான் கூடப் போனது மொழிபெயர்ப்பாளராக. மெக்சிகோ வாடிக்கையாளர்களிடம் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக் கேட்டு வளர்ந்த ஸ்பானிஷ் என்னுடையது. பணிவாகப் பேசுவேன், இலக்கணம் தவறும்.

முதலில் பறவையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பானிஷில் அதை லெச்சுசீட்டா பிகோட்டோனா என்கிறார்கள். லெச்சுசீட்டா என்றால் குட்டி ஆந்தை, பிகோட்டோனா என்றால் பெரிய மீசைக்காரி. லெச்சுசீட்டா ஸ்பானிஷில் பெண்பால் சொல். அதனால் மீசையும் பெண்ணுக்கே போய்விட்டது. தமிழில் இதற்கென்று பெயர் கிடையாது. நாங்கள் எங்களுக்குள் மீசை ஆந்தை என்றே சொல்லிக்கொண்டோம். அறிவியல் பெயர் ஸெனோகிளாக்ஸ் லோவெரியி. ஸெனோ என்றால் விசித்திரம், கிளாக்ஸ் என்றால் ஆந்தை, இரண்டுமே கிரேக்கம். பெயர் வைத்தவர்கள் எதையும் சுற்றிவளைக்கவில்லை. "விசித்திர ஆந்தை" என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

நீளம் 13, 14 சென்டிமீட்டர். எடை 50 கிராம் சுமார், அதாவது ஒரு கோழிமுட்டை. நம்மூர்ப் புள்ளி ஆந்தையைத் தராசின் ஒரு தட்டில் வைத்தால் மறு தட்டில் இது இரண்டு வேண்டும். உலகத்தின் மிகச் சிறிய ஆந்தைகளை வரிசைப்படுத்தினால் அமெரிக்கப் பாலைவனத்தில் கள்ளிப் பொந்துகளில் வாழும் எல்ஃப் ஆந்தைக்குப் பக்கத்தில் இது நிற்கும். வால் இருக்கிறதா என்று தேடிப்பார்க்க வேண்டும். கால் விரல்களில் இறகே கிடையாது, இளஞ்சிவப்பாக மொட்டையாக இருக்கும். உயரமான குளிர்க்காட்டில் வாழும் ஆந்தை கால்களைப் போர்த்திக்கொள்ளாமல் இருப்பதே ஒரு விசித்திரம்தான்.

மீசை எதற்கு? ஆந்தையின் கண் நம்முடையதுபோல் உருண்டை கிடையாது, குழாய் வடிவம். குழிக்குள் அது திரும்பாது. அதற்குப் பதிலாகத்தான் கழுத்து அத்தனை சுற்றுச் சுற்றுகிறது. அந்தக் கண்ணுக்குத் தூரம் தெரியும், கிட்டத்தில் மங்கல். அலகு நுனியில் பிடித்திருக்கும் பூச்சி அதற்குச் சரியாகத் தெரியாது. அதனால் எல்லா ஆந்தைகளுக்குமே அலகைச் சுற்றி மயிர்போல் மெல்லிய இறகுகள் உண்டு. தொட்டு உணர்வதற்கு அவை உதவும். கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிற பாட்டி விரலை நம்புவது போலத்தான். ஆனால் இந்தப் பறவைக்கு அந்த இறகுகள் முகவட்டத்தையும் தாண்டி, தலைக்கு வெளியே காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பூச்சியைத் தொட்டுப் பார்க்க இவ்வளவு நீளம் எதற்கு என்று நான் கேட்டேன். "அழகுக்கு இருக்கக் கூடாதாடே? எங்க தாத்தா மீசை எதுக்கு இருந்துச்சு?" என்றார் அண்ணாச்சி. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இதைவிடத் தெளிவான பதிலை நான் படித்ததில்லை.

இந்தப் பறவை உலகத்துக்குத் தெரிய வந்த கதை 1976-இல் தொடங்குகிறது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் குழு ஒன்று வடக்குப் பெருவில், ஆண்டீஸின் கிழக்குச் சரிவில், அப்ரா பட்ரீசியா என்ற கணவாய்க்கு அருகே முகாம் போட்டிருந்தது. மிஸ்ட் நெட் என்று பறவைக்காரர்கள் சொல்லும் வலையை மரங்களுக்கு இடையே கட்டியிருந்தார்கள். நூல் அவ்வளவு மெல்லியது, நிழலில் கண்ணுக்கே தெரியாது. பறவை மோதினால் வலை கிழியாது, பை போல் தொங்கிப் பறவையை வாங்கிக்கொள்ளும். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை வலையோரம் நடந்து போய், சிக்கியதை எடுத்து அளந்து குறித்துக்கொள்வார்கள். அப்படி ஒருமுறை போனபோது பையில் இருந்தது இது.

அடுத்த ஆண்டே, 1977-இல், ஜான் ஓ'நீல், கேரி கிரேவ்ஸ் இருவரும் பறவையியல் இதழான 'தி ஆக்'கில் இதை அறிவித்தார்கள். புதிய இனம் என்று சொல்வதோடு அவர்கள் நிற்கவில்லை. இருக்கும் எந்தப் பேரினத்திலும், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்துவைக்கும் எந்த வீட்டிலும், இது அடங்காது என்று சொல்லி, இதற்காகவே ஒரு பேரினத்தை உண்டாக்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் பறவைகளில் புதிய பேரினம் கிடைப்பது எளிதான காரியமில்லை. அந்த வீட்டில் இன்றுவரை ஒரே ஆள்தான் குடியிருக்கிறார். பெயரின் பின்பாதி, அந்த அருங்காட்சியகத்தை உருவாக்கிய ஜார்ஜ் லோவரிக்கு. அவர் 1978 ஜனவரியில் இறந்துபோனார். தன் பெயரில் ஓர் ஆந்தை இருப்பதைச் சில மாதம் அனுபவித்திருப்பார்.

அதன்பிறகு 1978-இல் கொலான் மலைத்தொடரில் மறுபடி வலையில் கிடைத்தது. 2002-இல் அப்ரா பட்ரீசியா பக்கம் இன்னொருமுறை. இந்த வரலாற்றில் அண்ணாச்சியை உறுத்திக்கொண்டே இருந்த ஒரு விஷயம் உண்டு. முப்பது ஆண்டு இந்தப் பறவையை மனிதர்கள் பார்த்ததெல்லாம் வலைக்குள்தான், இல்லாவிட்டால் கைக்குள்தான், இல்லாவிட்டால் பஞ்சடைத்து இழுப்பறைக்குள்தான். எடை தெரியும், இறக்கையின் நீளம் மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். அது தன் கிளையில் தன்பாட்டுக்கு உட்கார்ந்திருந்து யாரும் பார்த்ததில்லை. "ஒருத்தன ஆஸ்பத்திரியில மட்டுமே பாத்துட்டு, அவன எனக்கு நல்லாத் தெரியும்னு சொல்ற மாதிரி" என்பார்.

ஏன் பார்க்க முடியவில்லை என்பதற்குக் காரணம் எளிமையானது. அது எப்படிக் கூப்பிடும் என்று சரியாகத் தெரியாது. பட்டப்பகலிலேயே பத்தடிக்கு மேல் பார்வை போகாத காடு அது. ராத்திரியில், மேகத்துக்குள், பாசி மூடிய கிளைகளுக்கு நடுவே, முட்டை அளவு பழுப்புப் பறவையைக் கண்ணால் தேடுவது வைக்கோல் போரில் வைக்கோலைத் தேடுவதுபோல. குரல் தெரிந்தால்தான் எந்தப் பக்கம் திரும்புவது என்றாவது தெரியும்.

மலைக்காட்டுக் குட்டி ஆந்தைகள் எல்லாவற்றுக்குமே இதுதான் விதி. ஆண்டீஸில் இன்னும் சில குள்ள ஆந்தைகள் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தேர்ந்தவர்களே தடுமாறுவார்கள். வேறு வேறு இனம் என்று காட்டிக்கொடுத்தது குரல். பாடும் குருவிகள் குஞ்சிலேயே அப்பனிடம் கேட்டுப் பாட்டுக் கற்றுக்கொள்கின்றன. அதனால் ஊருக்கு ஊர் பேச்சு வழக்கு மாறும். ஆந்தை கற்றுக்கொள்வதில்லை. குரல் உடம்போடு பிறக்கிறது. நெல்லை ஆந்தை, கோவை ஆந்தை என்ற வித்தியாசம் அவற்றுக்குள் கிடையாது. எனவே ஒரே மாதிரி தெரியும் இரண்டு ஆந்தைகள் வேறு மாதிரி கூப்பிட்டால், அவை வேறு ஆட்களாக இருக்க வாய்ப்பு அதிகம். 1999-இல் கொலம்பியா, எக்வடார் மேற்குச் சரிவுகளிலிருந்து அறிவிக்கப்பட்ட மேகக்காட்டுக் குள்ள ஆந்தை அந்த வகையில் வந்ததுதான். அதன் பின்பெயர் நுபிகோலா, மேகத்தில் குடியிருப்பது என்று பொருள்.

அதற்கு நான்கு ஆண்டு முன்னால், 1995-இல், அறிவிக்கப்பட்ட இன்னொரு குள்ள ஆந்தைக்கு டெட் பார்க்கரின் பெயர் வைத்தார்கள். இவரைப் பற்றிப் பேசாமல் தென்னமெரிக்கப் பறவைக் குரல்களைப் பற்றிப் பேச முடியாது. லூசியானா அருங்காட்சியகத்தோடு சேர்ந்து வேலை பார்த்தவர். ஏறக்குறைய 4,000 பறவை இனங்களைக் குரலை வைத்தே சொல்வார் என்பார்கள். விடியலில் காட்டுக்குள் ஓரிடத்தில் நின்று ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு கேட்டாலே அவருக்கு அந்தக் காட்டின் குடும்ப அட்டை கிடைத்துவிடும். 1993 ஆகஸ்டில் எக்வடாரில் காடு ஒன்றை மேலிருந்து ஆய்வு செய்யப் பறந்த சிறு விமானம் மேகம் மூடிய மலையில் மோதியது. பார்க்கர், தாவரவியலாளர் ஆல்வின் ஜென்ட்ரி, எக்வடார் சூழலியல் செயற்பாட்டாளர் எடுவார்டோ ஆஸ்பியாசு ஆகியோர் அதில் இறந்தார்கள். பார்க்கருக்கு அப்போது 40 வயது. அவர் பதிவு செய்து வைத்த குரல்களை அமெரிக்காவின் மெக்காலே ஒலி நூலகத்தில் இன்றும் கேட்கலாம். அண்ணாச்சிக்கு அவர்மேல் ஒரு பொறாமை. 4,000 குரலைத் தலைக்குள் வைத்திருந்த மனிதன், ஒன்றைக்கூட இழக்காமல் போய்விட்டான் என்று ஒருநாள் சொன்னார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

2007 பிப்ரவரியில்தான் மீசை ஆந்தையை அதன் வீட்டில் வைத்து முதலில் பார்த்தார்கள். அமெரிக்கப் பறவைப் பாதுகாப்பு அமைப்பும், ஈகோவான் என்ற பெரு நாட்டு அமைப்பும் சேர்ந்து அப்ரா பட்ரீசியாவில் காட்டை வாங்கித் தனியார் காப்புக்காடாக வைத்திருந்தார்கள். அங்கே கண்காணிப்பு வேலையில் இருந்தவர்கள் கண்ணில் மூன்று முறை பட்டது. குரலும் பதிவானது. பீரோவில் ஏறிய செய்தி அதுதான். பிறகு குரலைக் கையில் வைத்துக்கொண்டு தேடியவர்களுக்கு வேறு மலைமுகடுகளிலும் கேட்க ஆரம்பித்தது. 'அழியும் ஆபத்தில்' என்று பட்டியலில் இருந்த பறவை இப்போது ஒரு படி இறங்கி 'ஆபத்துக்கு இலக்காகக்கூடியது' என்ற வரிசையில் இருக்கிறது. இதைச் சொன்னபோது "இது பிரமோஷனா, டிமோஷனா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

லீமாவிலிருந்து தரப்போட்டோவுக்கு விமானம். இறங்கியதும் புழுக்கமும் மோட்டார் ரிக்‌ஷா இரைச்சலும். அண்ணாச்சி ஊருக்கு வந்துவிட்டதைப் போல் தெம்பானார். ஹுவானே என்று ஒன்று சாப்பிட்டோம். மஞ்சள் சோறும் கோழிக்கறியும் இலையில் உருண்டையாகக் கட்டி வேகவைத்தது. இலையைப் பிரிக்கும்போது வரும் வாசனைக்கே பாதிப் பசி ஆறிவிடும். அங்கிருந்து மொயோபம்பா, ரியோஹா வழியாக மேற்கே காரில் போனோம். வயல், வயல், மீண்டும் வயல். வழியில் நுவேவா கஹமார்க்கா என்று ஓர் ஊர் வந்தது. புதிய கஹமார்க்கா. பழைய கஹமார்க்கா தென்மேற்கே, ஆண்டீஸின் மேலே இருக்கிறது. அங்கே நிலம் போதாமல் இறங்கி வந்த குடியானவர்கள் ஊர்ப் பெயரையும் தூக்கிக்கொண்டு வந்து இங்கே இறக்கி வைத்துவிட்டார்கள். ஊர் பரபரப்பாக இருந்தது. தெருவோரம் தார்ப்பாயில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது.

இந்த மக்களைக் கொண்டுவந்தது இந்தச் சாலைதான். அதிபராக இருந்த ஃபெர்னாந்தோ பெலாவுந்தே டெர்ரி தொழிலால் கட்டடக் கலைஞர். ஆண்டீஸின் கிழக்கு விளிம்போடு காட்டோரமாக ஒரு நெடுஞ்சாலை போட வேண்டும் என்பது அவர் கனவு. இப்போது சாலைக்கே அவர் பெயர்தான். 1970களில் அது இந்தக் கணவாயைத் தாண்டியது. சாலை வந்ததும் மண்வெட்டியோடு கஹமார்க்காக்காரர்கள் வந்தார்கள், வலையோடு லூசியானாக்காரர்கள் வந்தார்கள். காட்டுக்குள் வாரக்கணக்கில் கழுதையோடு நடக்க வேண்டிய இடத்துக்கு வண்டியிலேயே போக முடிந்ததால்தான் 1976-இல் அந்த முகாம் அங்கே நடந்தது. காட்டை வெட்டிய சாலை என்று அதைத் திட்டிக்கொண்டே வந்த நான், இந்தக் கணக்கு நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சாலை இல்லாவிட்டால் ஆந்தைக்குப் பெயர் இல்லை, அண்ணாச்சி பீரோவில் படமும் இல்லை.

1987-லேயே மயோ ஆற்றின் மேல்பகுதியில் சுமார் 1,82,000 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். காகிதத்தில் காடு, தரையில் காப்பி என்று பல ஆண்டு ஓடியது. உள்ளே குடியேறியிருந்தவர்களைத் துரத்த முடியாது. துரத்தினால் நியாயமும் இல்லை. பின்னால் கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் அமைப்பு குடும்பங்களோடு ஒப்பந்தம் போட ஆரம்பித்தது. இனிமேல் வெட்டாதே, நிழல் மரத்தின் கீழ் காப்பி போடு, அதற்கு உதவி செய்கிறோம் என்று. அந்தச் செலவுக்கு ஒரு பகுதி, வெட்டாத காடு பிடித்துவைக்கும் கரியைக் கணக்கிட்டு விற்கும் கார்பன் கணக்கிலிருந்து வருகிறது, வாங்கியவர்களில் டிஸ்னியும் ஒன்று. மிக்கி மவுஸுக்கும் மீசை ஆந்தைக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருப்பது அண்ணாச்சிக்கு ஏனோ பிடித்துப்போனது. எலியும் ஆந்தையும் என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். எனக்கு அந்தக் கார்பன் கணக்கில் முழு நம்பிக்கை கிடையாது. ஆனால் வெட்டாமல் நிற்கும் மரத்துக்கு யாராவது காசு கொடுத்தால் நிறுத்தச் சொல்ல நான் யார்?

சாலை ஏற ஏறக் குளிர்ந்தது. ஒரு வளைவில் வெயில் இருந்தது, அடுத்த வளைவில் மேகத்துக்குள் இருந்தோம். அமேசான் சமவெளியின் ஈரக் காற்று மேற்கே தள்ளப்பட்டு மலையில் முட்டி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்கிறது, குளிர்ந்ததும் மேகமாகிறது. அந்த மேகம் மலையின் இடுப்பில் ஒரு பட்டையாக நாள்தோறும் உட்கார்ந்திருக்கும். மழை பெய்யாத நேரத்திலும் அந்த உயரத்து மரங்கள் நனைந்துகொண்டே இருக்கும். இலையும் பாசியும் மேகத்தை வடிகட்டிச் சொட்டுச் சொட்டாகக் கீழே விடும். மரப்பட்டை என்று ஒன்றை அங்கே பார்க்கவே முடியாது. பாசி, பாசியின்மேல் பெரணி, பெரணிக்கு இடையில் ஆர்க்கிட். முகடுகளில் மண் மணலாக, சத்தில்லாமல் இருப்பதால் மரங்கள் வளராமல் குட்டையாக முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. 1,900 மீட்டரிலிருந்து 2,400 மீட்டர் வரை, இந்தக் குட்டை மரங்களும் மூங்கில் புதர்களும் உள்ள முகடுகள்தான் மீசை ஆந்தையின் உலகம். அமஸோனாஸ், சான் மார்ட்டின் என்ற இரண்டு மாவட்டங்களுக்குள் அந்த உலகம் முடிந்துவிடுகிறது.

பெரு நாட்டு மக்கள் இந்தப் பட்டைக்கு வைத்திருக்கும் பெயர் சேஹா தே செல்வா. காட்டின் புருவம். கீழே அமேசான் பெரிய முகம், மேலே வழுக்கை நெற்றியாய் மலைச்சிகரம், நடுவில் கோடுபோல் இந்தப் புருவம். மொழிபெயர்த்துச் சொன்னதும் அண்ணாச்சி காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்று பார்த்தார். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, வெள்ளையாக இருந்தது.

இதே புருவத்தில்தான் மஞ்சள்வால் குரங்கும் இருக்கிறது. அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்ததை 1974-இல் மறுபடி கண்டுபிடித்தார்கள். ஆந்தை வலையில் விழுவதற்கு இரண்டே ஆண்டு முன்னால். மேற்கே பொமகோச்சாஸ் பக்கம் இறங்கினால் வாலில் இரண்டு நீலக் கரண்டி வைத்த ரீங்காரச் சிட்டு ஒன்று உண்டு, படம் எடுப்பவர்கள் எல்லாம் அதற்காகத்தான் வருவார்கள். போனோம், பார்த்தோம். அது கத்தியது எனக்குக் கேட்டது. அண்ணாச்சி வாலைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். அதைப் பற்றி வேறு எழுத ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள் ராத்திரி. வழிகாட்டி உள்ளூர்க்காரர், முன்பு காப்பி போட்டவர், ஐம்பது வயதிருக்கும். ரப்பர் பூட்ஸ், தோளில் பழைய மழைக்கோட்டு. பெரும்பாலான இடங்களில் ஒரு சிறிய ஒலிபெருக்கியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பார்கள். தன் எல்லைக்குள் இன்னொருவன் வந்துவிட்டான் என்று நினைத்து அது சண்டைக்கு வரும். ஒரு ராத்திரி என்றால் பரவாயில்லை. உலகத்தில் இரண்டு மாவட்டத்தில் மட்டும் இருக்கும் பறவையை, பார்க்க வசதியான அதே பாதையோரத்தில், வாரத்துக்கு நான்கு ராத்திரி இப்படி ஏமாற்றினால் அது எப்போது பூச்சி பிடிக்கும்? முதல் ஒரு மணி நேரம் ஒலிபெருக்கி வேண்டாம் என்று அண்ணாச்சி சொல்லச் சொன்னார். வழிகாட்டி தோளைக் குலுக்கிக்கொண்டு சரி என்றார். "மழை வந்தால் அதுவும் வாயைத் திறக்காது, நாமும் திரும்ப வேண்டியதுதான்."

பாதை என்றால் வேர்களின் மேல் வேர். கால் வைத்தால் மண்ணா பாசியா என்று தெரியாது, மெத்தைபோல் அமுங்கும். அண்ணாச்சியின் முழங்கால் ஒவ்வொரு இறக்கத்திலும் புகார் சொன்னது. முகட்டில் ஓரிடத்தில் வழிகாட்டி நின்றார், விளக்கை அணைத்தார். மூவரும் இருட்டில் நின்றோம்.

எனக்கு எதையும் தனியாகப் பிரித்துக் கேட்க முடியவில்லை. ஆயிரம் பூச்சிகள் ஒரே நேரத்தில் கண்ணாடியைக் கீறிக்கொண்டிருந்தன. எங்கோ தவளைகள் கிண்கிணி தட்டின. சொட்டுச் சொட்டாக இலைக்கு இலை தண்ணீர். எதையோ தேடுகிற காது, எல்லாவற்றையும் அதுவாக நினைத்துத் திடுக்கிட்டுக்கொண்டே இருந்தது. பதினைந்து நிமிடம் போயிருக்கும். அண்ணாச்சி என் முழங்கையைப் பிடித்தார்.

"அந்தா."

"என்ன அண்ணாச்சி?"

"கூப்பிடுதுல்லா. கேக்கலையா ஒனக்கு? இந்தா, மறுபடியும்."

கேட்கவில்லை. வழிகாட்டியும் தலையைச் சாய்த்தார், அவருக்கும் உடனே பிடிபடவில்லை. அண்ணாச்சி இருட்டில் கையை நீட்டி, இடது பக்கம் சரிவை நோக்கிக் காட்டினார். அந்தத் திசையில் காதை வைத்துக் கூர்ந்தபிறகு, பூச்சிகளின் இரைச்சலுக்கு அடியில், ஒரு கம்பளியின் அடியிலிருந்து வருவதுபோல் எனக்கும் கேட்டது. தாழ்ந்த, கொஞ்சம் கரகரத்த ஒற்றை "ஹூ". இடைவெளி. மறுபடி "ஹூ". பெரிய விஷயம் ஒன்றும் சொல்லாத குரல்.

"உங்களுக்கு எப்படி முதல்ல கேட்டுச்சு? இந்தப் பூச்சிச் சத்தத்துல?"

"எந்தப் பூச்சி? காடு அமைதியால்லடே இருக்கு."

எனக்குப் புரியச் சில நொடி ஆயிற்று. அந்த வரைபடத்தில் கிணற்றில் விழுந்த கோடு. பூச்சிகளும் தவளைகளும் இருந்த மேல் ஸ்தாயி அவருக்கு இல்லவே இல்லை. ஆயிரம் பேர் கத்தும் மண்டபத்தில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒரே ஒரு ஆளை மட்டும் அவருக்கு முன்னால் உட்கார வைத்திருந்தது அவர் வயது. என் காது நல்ல காது. அதனால் எனக்குக் கேட்கவில்லை. வழிகாட்டிக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் இருட்டில் மெதுவாகச் சிரித்துவிட்டு, "அப்படியென்றால் இவர் முன்னால் நடக்கட்டும்" என்றார்.

முன்னால் நடந்தார். முழங்கால் புகாரை நிறுத்திவிட்டது. இருபது அடி, நின்று கேட்பது, பத்தடி, நின்று கேட்பது. கடைசியில் வழிகாட்டி விளக்கைத் தரையில் அடித்தார். சிதறிய வெளிச்சத்தில், எங்கள் தலை உயரத்தில், மூங்கிலுக்குப் பின்னால் பாசி சுற்றிய கிளையில், பாசி உருண்டை ஒன்று தலையைத் திருப்பியது. வெள்ளைப் புருவம். தேன் நிறக் கண். மீசை இருந்தது. படத்தில் பார்த்ததுபோல் விறைப்பாக இல்லை, காற்று போகிற பக்கம் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. ஈரத்தில் ஒன்றிரண்டு இழை ஒட்டிப்போயிருந்தன. நான்கைந்து நொடி. கேமராவை நான் எடுக்கவில்லை, எடுத்திருந்தாலும் ஒன்றும் விழுந்திருக்காது. பிறகு கிளை காலியாக இருந்தது. பறந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

சற்று நேரத்தில் கீழே சரிவிலிருந்து குரல் மறுபடி வந்தது. கூடவே இன்னும் தள்ளி இன்னொன்று பதில் சொன்னது. இரண்டையும் கேட்டுக்கொண்டு நின்றோம். அப்போதுதான் கீழே நெடுஞ்சாலையில் ஒரு லாரி இறக்கத்தில் வந்தது. எஞ்சினை முறுக்கிப் பிடித்து வேகத்தைக் குறைக்கும் அந்த நீண்ட உறுமல். பூச்சிச் சத்தம் எனக்கு அப்படியேதான் இருந்தது, லாரி அதைத் தொடவில்லை. லாரி இருந்தது கீழ் ஸ்தாயியில், ஆந்தை இருக்கும் அதே அறையில். அண்ணாச்சி காதின் பின்னால் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"போயிருச்சா?"

"இல்ல அண்ணாச்சி, லாரி."

லாரி வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு இறங்கியது. அது முடிவதற்குள் பின்னாலேயே இன்னொன்று வந்தது. அதன் முதுகில் என்ன மூட்டை இருந்ததோ, பஸிஃபிக் கரைக்குப் போகிறது என்றார் வழிகாட்டி. மூன்றாவது லாரியும் போனபிறகு கேட்டோம். ஒரு குரல்தான் கூப்பிட்டது. இரண்டாவது அன்று திரும்ப வரவில்லை. தூறல் விழ ஆரம்பித்தது, இறங்கிவிட்டோம்.

காலையில் சாலையோரத்தில் ஒரு பலகைக் கடை. கடைக்கார அம்மா இரண்டு கோப்பையில் வெந்நீரை ஊற்றி முன்னால் வைத்துவிட்டு, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் கருங்குழம்பாய் ஏதோ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். எஸென்ஸியா என்றார். காப்பியைக் கெட்டியாக வடித்து வைத்துக்கொண்டு, வேண்டிய அளவு வெந்நீரில் கலந்து குடிப்பது அங்கே வழக்கம். அண்ணாச்சி குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார்.

"டிகாக்‌ஷன்டே இது!"

பதினேழாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தவருக்கு முதல்முறையாக முகம் மலர்ந்தது, ஆந்தைக்குக்கூட அப்படி மலர்ந்ததா என்று எனக்குச் சந்தேகம். பால் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். டின் பால் இருந்தது. எங்கே விளைந்தது என்று நான் கேட்டேன். கடைக்கார அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டைவிரலால் பின்பக்கம் காட்டினார். மேகம் விலகியிருந்த இடைவெளியில் சரிவு தெரிந்தது. புருவத்தில் சவரக்கத்தி பட்டதுபோல் சதுரமாக ஒரு வெட்டு, அதற்குள் வரிசையாகக் காப்பிச் செடிகள்.

அண்ணாச்சி அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். குப்பியில் பாதி மிச்சம் இருந்தது.

"வெந்நி இன்னும் ஒரு கோப்பை கேளு" என்றார்.